மாப்பிள்ளை ரோல்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? முட்டி வலி, சளியெல்லாம் தேவலையா? நான் நல்லாவே இருக்கேன். வஞ்சம் தீர்த்ததுலருந்து தூக்கம் சுகமா வருது.

கேளுங்க. நானும் என் தங்கச்சியும் ஸ்டிக்கர் அடிக்கிற கம்பெனியில வேலை பார்த்தோம். காருக்குள்ள, டிவிக்குப் பின்னாடி மஞ்சளா எச்சரிக்கை ஒட்டியிருக்குமே, அதுதான். அவ மை கலக்குவா, நான் ரோல் சுத்துவேன். மையிலயும் பசையிலயும் ஈயம், காட்மியம் மாதிரி விஷமெல்லாம் இருக்கக் கூடாதுன்னு சட்டம். எங்க முதலாளி மலிவா கிடைக்குதுன்னு ஈயம் கலந்த மஞ்சள வாங்கிப் போட்டான். சோதனைக்கு ஆள் வந்தா காட்டுறதுக்குன்னு சுத்தமான மையில ஒரே ஒரு ரோல் அடிச்சு அலமாரியில பூட்டி வச்சிருந்தான். நாலு பேர் முன்னாடி மினுக்குறதத் தவிர அதுக்கு வேற வேலை இல்ல. அதனால மாப்பிள்ளை ரோல்னு பேர் வச்சோம்.

ஒரு தடவ கார் கம்பெனிக்குப் போன சரக்கு, ஈயம் இருக்குன்னு திரும்பி வந்துடுச்சு. முதலாளி கூசாம அவங்ககிட்ட, "மை கலக்குறவ கைக்கு வந்தத கொட்டிட்டா"ன்னு என் தங்கச்சி தலையில போட்டு, அவள வெளிய தள்ளிட்டான். அப்புறம் எந்த அச்சகத்துலயும் அவள உள்ள விடல. "அக்கா, நான் விஷம் வச்சவளாம்"னு அழுதா.

ஆனா நான் சண்டைக்குப் போகல, வேலைய விடாம ரோல் சுத்திக்கிட்டிருந்தேன். "நீ அவ மாதிரி இல்ல, தங்கம்"னான் முதலாளி. தங்கமாவே இருந்தேன். அலமாரிச் சாவி என்கிட்டல்ல இருந்துச்சு!

கார் கம்பெனி சோதனைக்கார அம்மா வந்தாங்க. கையில துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. ஸ்டிக்கர் மேல வச்சா உள்ள இருக்கிற உலோகத்தக் காட்டிடும். "அந்த ரோல கொண்டா"ன்னான் முதலாளி. நான் அலமாரிப் பக்கமே போகல. மிஷின்ல ஓடின சரக்க எடுத்து வச்சேன்.

"இவ்வளவு ஈயமா? இப்ப யார் சார் மை கலக்குறது?"

"என்... மச்சான்."

"அப்போ அந்தப் பொண்ணு மேல பழி போட்டிருக்கீங்க."

ஆர்டர் போச்சு, மிஷின் நின்னுச்சு. எனக்கும்தான் வேலை போச்சு. போகட்டுமே!

மறுநாள் முதலாளி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். "தப்பான ரோல எடுத்துட்டேன்னு கார் கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"தாராளமா சொல்றேன் சார். சரியான ரோல் எதுக்குப் பூட்டுக்குள்ள இருந்துச்சுன்னும் சேர்த்தே சொல்லிடுறேன்."

மூஞ்சி செத்துப் போச்சு. தங்கச்சிதான் அவன் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தினா. அந்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு இதமா இருந்துச்சுங்கிறீங்க!

உங்க மேலயும் இப்படி யாராவது பழி போட்டாங்களா? எப்படித் திருப்பிக் குடுத்தீங்க? ஒளிக்காம எழுதுங்க, ஒண்ணு விடாம படிக்கிறேன்.