கையெழுத்துக்காக வராதவர்கள்

அந்த வருஷம் மார்ச் ஒன்றாம் தேதியும் பேன்கேக் செவ்வாயும் ஒரே நாளில் வந்து தொலைத்தன.

மார்ச் ஒன்று என்றால் லண்டனில் பதினோரு வயதுப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு வயிற்றில் புளி கரையும் நாள். செப்டம்பரில் எந்தப் பெரிய பள்ளியில் இடம் என்பதை மாலை ஐந்து மணிக்கு மேல் மின்னஞ்சலில் சொல்வார்கள். பேன்கேக் செவ்வாய், லெந்து எனும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள். அன்று தேவாலயத்து அரங்கத்தில் கூடி, சர்க்கரை தூவி எலுமிச்சை பிழிந்து, மாவு தீரும்வரை பேன்கேக் தின்பார்கள். போன வருஷம் பதினாறு பேர் வந்தார்கள். இந்த வருஷம் நாற்காலி போதவில்லை. செய்தி வரும் நேரத்தில் கடவுளின் கண்ணில் படும்படி இருப்பது நல்லது என்று பலருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கும்போல.

ரோவீனா பெட்டிஃபர் நாலே காலுக்கே வந்துவிட்டாள். எலுமிச்சையைத் துண்டு போடுவது அவள் பொறுப்பு. நாற்பது எலுமிச்சையை வெட்டிவிட்டு, வெட்டியதையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அலஸ்டர் அடுப்படியில் நின்று பேன்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். மகள் ஈடித் மூன்றாவது பேன்கேக்கில் இருந்தாள்.

ரோவீனாவின் தொழில், பெரிய நிறுவனங்களுக்கு 'உண்மையாக இருப்பது எப்படி' என்று வகுப்பு எடுப்பது. அதில் அவளுக்கு நல்ல பெயர். இரண்டரை வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனமான கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு இந்தத் தேவாலயத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அவள் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஈடித்துக்கு செயின்ட் எல்வித்தா பள்ளியில் இடம். அந்தப் பள்ளிக்கு ஒரு விதி உண்டு. இரண்டு வருஷம், மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது தேவாலயத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்ததற்குச் சாட்சி, வாசல் மேசையில் கிடக்கும் ஒரு பரீட்சை அட்டை. அதில் ஒரு தாள், நூலில் கட்டிய ஒரு பென்சில். வந்தவர்கள் பெயர் எழுத வேண்டும்.

மூன்றாவது வாரமே சனியன் பிடித்தது. ஆராதனை முடிந்து காபிக்கு நிற்கும்போது கென் ஸ்டப்ஸ் என்ற பிளம்பர் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, பென்சிலை ரோவீனாவிடம் நீட்டினான்.

"இந்தாங்க மேடம். இதுக்குத்தானே எல்லாரும் வர்றோம்."

சுற்றி நின்ற பத்துப் பேரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். ரோவீனா சிரித்தாள். போதகர் ஹெஸ்டர் அருகில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்களுக்கு வேண்டாம்ப்பா. நாங்க அதுக்காக வர்றவங்க இல்ல. எங்க பேர் அதுல இருக்கவே கூடாது."

சொன்ன பிறகுதான் பள்ளியின் விதி நினைவுக்கு வந்தது. காரில் ஏறியதும் கணவனிடம் சொன்னாள்: "நீ ஒவ்வொரு வாரமும் யாரும் பாக்காதப்போ போய் நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டு வந்துடு."

அன்று முதல் ஏற்பாடு அதுதான். ரோவீனா ஞாயிறுதோறும் அந்த அட்டையை எச்சில் இலையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவாள். கார் வரை போனதும் அலஸ்டர், "குடையை மறந்துட்டேன்" என்று திரும்பி ஓடுவான். வானம் பளீரென்றிருந்த ஜூலை மாதத்திலும் குடையை மறந்தான். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம்கூட ஆகும். யாரும் இல்லாத சமயம் பார்த்து எழுதுகிறான், பாவம் என்று ரோவீனா நினைத்துக்கொள்வாள்.

இப்போது மணி நாலு ஐம்பது. அரங்கத்தின் கற்சுவர் பழங்காலத்துச் சுவர். உள்ளே போனில் சிக்னல் ஒரு கோடுகூட எழும்பாது. கோடு எழும்பும் இடம் ஒன்றே ஒன்று, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய நோவாவின் பேழைப் படத்துக்கு முன்னால், ஜன்னலோரம். அந்தப் படத்தில் ஒட்டகச்சிவிங்கிக்கு ஐந்து கால். அதை இதுவரை யாரும் நின்று பார்த்ததில்லை. இன்றைக்குப் பதினைந்து பெற்றோர் அதன் முன்னால் தோளோடு தோள் உரசிக்கொண்டு, கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார்கள். கைக்குள் போன் இருந்தது.

"வண்ணங்களைப் பாருங்களேன்" என்றாள் பிலிப்பா வெய்ன்ரைட், போனைப் பார்த்துக்கொண்டே. "எவ்ளோ தைரியமா போட்டிருக்குங்க குழந்தைங்க."

"அந்தச் சிங்கம்..." என்றாள் ரோவீனா, தன் போனைத் தேய்த்தபடி.

"அது புறாங்க" என்றான் கென். அவன் மட்டும் போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "வருதா யாருக்காவது? எனக்கு வேர்த்து ஊத்துது. எம்பொண்ணுக்கு மட்டும் கிடைக்கலன்னா எம்பொண்டாட்டி என்னைய இந்தப் படத்துல ஒட்டிருவா."

"நாங்க பெருசா எடுத்துக்கல" என்றாள் பிலிப்பா. "கிடைச்சா கிடைக்கட்டும், இல்லேன்னா இல்ல. எந்த ஸ்கூலா இருந்தா என்ன?"

"அதானே" என்றாள் ரோவீனா. சொல்லிக்கொண்டே திரையை மறுபடி ஒருமுறை தேய்த்தாள்.

போதகர் ஹெஸ்டர் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே பேழைப் பக்கம் வந்தார். குள்ளமான பெண்மணி; எதையும் பார்க்காததுபோல எல்லாவற்றையும் பார்ப்பார். "நோவா மேல இவ்ளோ பிரியம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் இன்னும் பெரிய படமா ஒட்டியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஐந்து மணி ஏழு நிமிஷத்துக்குக் கென்னின் போன் கூவியது. அவன் படித்தான், உதடு அசைய, இரண்டு தடவை. பிறகு, "எல்வித்தா! எல்வித்தா கிடைச்சிருச்சுய்யா!" என்று கத்தி, பக்கத்தில் நின்ற பிலிப்பாவைக் கட்டிப்பிடித்தே விட்டான். பிலிப்பா அவன் பிடியிலிருந்தபடியே தன் போனைத் திறந்தாள். "ஓ" என்றாள் மெதுவாக. "எங்களுக்கும்தான்." பெருசாக எடுத்துக்கொள்ளாதவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சுற்றிலும் ஒவ்வொரு போனாக முனகியது. "எல்வித்தா." "எல்வித்தா." பேழைக்குள் சோடி சோடியாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ரோவீனாவின் போன் கடைசியில்தான் அசைந்தது. பள்ளியின் பெயரை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே இருந்தது: மார்ஷ் லேன் பள்ளி. விண்ணப்பத்தில் விருப்பப் பள்ளிகளுக்கான ஆறாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் எழுதிப் போட்ட பெயர்.

தப்பாக வந்திருக்கும் என்று திரையை மேலே தள்ளினாள். ஈடித் பெட்டிஃபர் என்றுதான் இருந்தது.

"ரோவீனா?" என்றாள் பிலிப்பா. "உங்களுக்கு?"

பதினைந்து முகம் திரும்பியது. "இங்க சரியா லோட் ஆகல" என்றாள் ரோவீனா. முகத்தில் ஒட்ட வைத்த சிரிப்போடு அடுப்படிக்கு நடந்தாள்.

அலஸ்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தான். அவன் எதையும் கேட்கவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"மார்ஷ் லேன்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நூறு ஞாயித்துக்கிழமைக்கு மேல வந்திருக்கோம், அலஸ்டர். எப்படி? எழுதினியா இல்லியா?"

"ஏழு வாரம் எழுதினேன்."

"ஏழா?"

"எட்டாவது வாரம் திரும்பிப் போனப்போ உள்ள யாரும் இல்ல. சும்மா உக்காந்தேன், ரோ."

"உக்காந்தியா?"

"அமைதியா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு வாரமும் உக்காந்தேன். வெளிய வரும்போது அந்தத் தாள்ல எழுதலாம்னு பென்சிலை எடுப்பேன். கை வரல. சினிமாவுக்கு டிக்கெட் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு."

ரோவீனா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அலஸ்டர். நீ... நம்புறியா?"

அவன் காது சிவந்தது. "ம்."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஹெஸ்டருக்கு மட்டும்."

அடுத்த தெருவில் ஒருத்தியை வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் ரோவீனாவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அதற்கு வக்கீல் இருக்கிறார், தோழிகள் இருக்கிறார்கள், பேச்சுக்கு வார்த்தைகளும் இருக்கின்றன. இதற்கு அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. கைக்கு எட்டிய எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிந்தாள். சாறு ஏதோ ஒரு வெட்டுக்காயத்தில் பட்டு எரிந்தது.

காலி தேநீர்க் கெட்டிலோடு ஹெஸ்டர் உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"அக்டோபர்ல ஸ்கூலுக்கு உங்க வருகை ஃபாரம் நிரப்பும்போதே அலஸ்டரைக் கேட்டேனே" என்றார். "ஏழு வாரம்தான் இருக்கு, என்ன எழுதட்டும்னு. 'தாள்ல இருக்கிறதையே எழுதுங்க'ன்னாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

அலஸ்டர் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல்முறையீடு பண்றேன்" என்றாள் ரோவீனா. "நீங்க எங்களை வாராவாரம் பாத்தீங்க, ஹெஸ்டர். சாட்சி சொல்லுங்க. பாத்தேன்னு சொன்னா போதும்."

"தாராளமா சொல்றேன். பாத்தேன்னு சொன்னா, அப்போ ஏன் பேர் எழுதலன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல முடியாது. பத்துப் பேர் முன்னாடி 'நாங்க அதுக்காக வர்றவங்க இல்ல, எங்க பேர் அதுல இருக்கவே கூடாது'ன்னு நீங்க சொன்னதையும் சேத்துத்தான் சொல்லணும்." ஹெஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "எனக்கு அப்போ எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. ஒருத்தராவது இப்படிச் சொன்னாங்களேன்னு. அடுத்து வந்த ஈஸ்டர் பிரசங்கத்துல பேர் சொல்லாம உங்களைத்தான் சொன்னேன்."

ரோவீனாவுக்கு அந்தப் பிரசங்கம் நினைவிருந்தது. யாரோ ஒரு நல்ல மனுஷியைப் பற்றி. கேட்டுக்கொண்டே அவள் தலையை வேறு ஆட்டியிருக்கிறாள்.

அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். அரங்கத்தில் கோட்டு மாட்டும் சலசலப்பு. ஹெஸ்டர் வாசல் மேசையிலிருந்த அதே பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டு, நூலில் பென்சில் ஆட, ஒவ்வொருவரிடமும் போனார். லெந்து நாட்களில் காபி போட, பூ வைக்க ஆள் வேண்டும்.

"ஞாயிறுதானே, எங்க பையன் ஹியூகோவுக்கு இனிமே படகுப் பயிற்சி" என்றாள் பிலிப்பா. "வரக்கூடாதுன்னு இல்ல. ஆனா பாருங்க, ஆத்துத் தண்ணி ஏறி இறங்குறது நமக்காகக் காத்திருக்காதே."

இன்னொருவருக்கு மாமியார். இன்னொருவருக்கு முதுகு. கென் தலையைச் சொறிந்தான். "உண்மையச் சொல்லிர்றேன் ஹெஸ்டர். நான் கையெழுத்துக்குத்தான் வந்தேன், வேலை முடிஞ்சிருச்சு. உங்க குழாய் ஒழுகினா கூப்பிடுங்க, சும்மாவே வந்து பாத்துத் தர்றேன்." சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக இன்னொரு பேன்கேக்கை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். பொய் சொல்லாதவனுக்கு வெளியே போக வாசல் திறந்தே கிடந்தது. ரோவீனா அதைப் பொறாமையோடு பார்த்தாள்.

அவளும் அந்த வாசலை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தாள். கோட்டை மாட்டியாயிற்று. ஈடித்தின் கையையும் பிடித்தாயிற்று.

"அம்மா, எந்த ஸ்கூல்?" என்றாள் ஈடித். வாயெல்லாம் சர்க்கரை.

"மார்ஷ் லேன்" என்றாள் ரோவீனா காதோரம்.

"ஓ. அது பக்கம்தானே. நடந்தே போகலாம்." ஈடித் கொஞ்சம் யோசித்தாள். பள்ளி நாடகங்களில் கடைசி வரிசை வரை கேட்கிற குரல் என்று அவளைப் பாராட்டுவார்கள். அந்தக் குரலில் கேட்டாள்: "அப்போ இனிமே நாம சர்ச்சுக்கு வர வேணாமா?"

கோட்டுப் பொத்தான்கள் பாதியில் நின்றன. பிலிப்பா திரும்பினாள்; ரோவீனாவுக்கு எல்வித்தா கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டது அவள் முகத்தில் எழுதியிருந்தது. பரிதாபம் கொஞ்சம், ருசி நிறைய. கென் பேன்கேக்கை மெல்லுவதை நிறுத்தினான். அடுப்படி வாசலில் அலஸ்டர், கையில் கரண்டியோடு, அவளையே பார்த்தபடி நின்றான். அவன் முகத்தில் மட்டும் ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இல்லை, வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவளுடைய இரண்டரை வருஷமும் சேர்ந்து முடிந்துவிடும்.

"என்ன கேள்வி இது, ஈடித்?" என்றாள் ரோவீனா, வகுப்பு எடுக்கும் குரலில். "நாம என்ன ஸ்கூலுக்காகவா வர்றோம்?"

"பின்ன எதுக்கு?" என்று ஈடித் கேட்பதற்குள் ஹெஸ்டர் பரீட்சை அட்டையோடு வந்து நின்றார். தாளில் ஆறு ஞாயிறும் காலியாகக் கிடந்தன.

"எந்த வாரம் போடட்டும்?"

பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் ரோவீனா பென்சிலைப் பிடித்தாள். நூல் குட்டை. எழுத வேண்டுமென்றால் ஹெஸ்டருக்கு முன்னால் தலை குனிந்துதான் ஆக வேண்டியிருந்தது. முதல் வாரத்துக்கு எதிரே 'ரோவீனா பெட்டிஃபர்' என்று எழுதினாள். இரண்டாவதற்கு எதிரேயும். பெயர் எழுதுவது எவ்வளவு சின்ன வேலை என்று தெரிந்தது. ஐந்து வினாடிகூட ஆகவில்லை.

"நாளைக்குச் சாம்பல் புதன்" என்றார் ஹெஸ்டர், அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு. "காலைல ஏழு மணி. நாலு பேர்தான் வருவாங்க. நீங்க ரெண்டு பேரும் வந்தா ஆறு."

"வருவோம்" என்றான் அலஸ்டர் பின்னாலிருந்து.

காருக்குப் போகும்போது மழை தூறத் தொடங்கியது. வண்டியின் கதவைத் திறந்துவிட்டு அலஸ்டர் நின்றான்.

"குடையை மறந்துட்டேன்" என்றான்.

இந்தத் தடவை நிஜமாகவே மறந்திருந்தான். ரோவீனாவும் ஈடித்தும் உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது.