மரியாதைக்கு ஒரு பேப்பர் கப்பு

மெர்சிக்குக் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. அங்கே யாரும் யாரையும் ஒருமையில் கூப்பிட்டது கிடையாது. மேலாளர் அழகிரிசாமி அவளை “வாங்க அம்மணி, உக்காருங்க அம்மணி” என்றுதான் அழைப்பார். சேர்ந்த புதிதில் எந்த ஊர் என்று கேட்டார். அன்னூர் என்றாள். அன்னூரில் எந்தப் பக்கம் என்று கேட்டார், அதையும் சொன்னாள். மறுநாளிலிருந்து டீ வரும்போது எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், அம்மணிக்கு மட்டும் பேப்பர் கப்பு. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

பொறுத்துப் பார்த்தவள் ஒரு வக்கீலிடம் போனாள். பட்டியல் சாதியாருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். ஞானஸ்நானத்தோடு சாதி போய்விட்டதாகச் சட்டம் நம்புகிறது. டீ ஊற்றுகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கம்பெனியிலேயே புகார் கொடுத்தாள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. தலைவர் அழகிரிசாமியின் மச்சான். நடுநிலைக்காக அவருடைய சகலையையும் சேர்த்திருந்தார்கள். மெர்சி தான் குடித்த கப்பையே துடைத்துச் சாட்சியாகக் கொண்டுபோய் வைத்தாள். பேப்பர் கப்புதான் சுத்தம், அதைத் தந்தது அம்மணிக்குச் செய்த மரியாதை என்று முடிவு சொல்லிக் கப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையோடு அவளைக் காலை ஷிப்டிலிருந்து மாலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். அவள் கணவன் ரவிக்குமார் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மதுக்கரை வீட்டில் மகள் ஜெபா பள்ளி விட்டு வந்து தனியாக இருக்கவேண்டியதாயிற்று.

இரண்டு வாரத்தில் குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். தாய் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போகிறாள் என்று புகார். பாதுகாப்பு அலுவலர் சஃபியா விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டால்? கப்பாவது மண்ணாவது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சஃபியா மெர்சியின் வேலை நேரத்தைக் கேட்டுக் கம்பெனிக்குப் போன் செய்திருந்தார். அதிகாரி கேட்டால் போனில் சொல்லி முடிப்பது அழகிரிசாமிக்கு மரியாதையாகப் படவில்லை. சஃபியா விசாரிக்க வந்த அன்று மெர்சியின் வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாதே என்று ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தார்.

“நாங்க அம்மணிய ஒரு கொறையும் இல்லாமத்தானுங்க வெச்சிருக்கறோம்” என்று சஃபியாவிடம் ஆரம்பித்தார். “பாவம், புள்ளையத்தான் பாக்க முடியறதில்லீங்க.”

மெர்சி டீ கொண்டுவந்தாள். சஃபியா டம்ளரை எடுத்துக் குடித்தார். அழகிரிசாமி கையை உயர்த்திக் கும்பிட்டார். “இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்.”

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபா குடுகுடுவென்று ஓடி அலமாரியிலிருந்த சாட்சிக் கப்பை எடுத்துவந்து, டம்ளர் டீயை அதில் ஊற்றி நீட்டினாள்.

“சாருக்கு டம்ளர் ஆகாதுங்க. பேப்பர் கப்புதான் சுத்தம்னு ஆபீஸ்ல அம்மாகிட்டச் சொன்னாங்களாமுங்க. அங்க அம்மாவுக்கு மட்டும் இதுலதானுங்க குடுப்பாங்க.”

அழகிரிசாமி கப்பை வாங்கிவிட்டார். பிள்ளை நீட்டியதை வாங்காமலிருக்க அவருடைய மரியாதை விடவில்லை. வாங்கியதைக் குடிக்க வேறொன்று விடவில்லை. கப்பு கையிலேயே நைந்துகொண்டிருந்தது.

“குடிங்க சார்” என்றாள் மெர்சி. “மரியாதைக்குத் தாரோமுங்க.”

சஃபியா அவரையே பார்த்துக்கொண்டு, ஷிப்டை மாற்றியது யார், புகாருக்கு முன்னா பின்னா என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் கப்பின் அடி ஊறி டீ அவர் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

பிள்ளை தாயிடமேதான் இருக்கும், ஷிப்டுதான் மாறவேண்டும் என்று சஃபியா சொல்லிவிட்டுப் போனார். கப்பு விஷயம் தன் அதிகாரத்தில் வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மெர்சி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனாள். கம்பெனியில் சமத்துவம் வந்திருந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப்பு. அழகிரிசாமி மட்டும் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்திருந்தார்.