ஐம்பது கிலோமீட்டர் தியோடர்

பொய் சொல்வதிலும் ஒரு துணிச்சல் வேண்டுமென்றால் ஜோகுபாளையம் தியோடரிடம்தான் கேட்க வேண்டும். கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் மிரட்டிய நாளிலிருந்து பதினோரு மாதமாக, ஞாயிறுதோறும் விடியலில் ஹொஸ்கோட்டே வரை சைக்கிளில் போய்வருவதாக மனைவி மௌரீனிடம் அளந்துகொண்டிருந்தார். போக வர ஐம்பது கிலோமீட்டராம்! மனிதர் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அல்சூர் ஏரியைத் தாண்டியதே இல்லை. அங்கே ஓர் ஓட்டலில் இரண்டு மசால் தோசை, ஒரு காபி, பேப்பர். வீட்டுக்குக் கிளம்பும்போது வியர்வைக்குப் பதிலாகச் சட்டையில் பாட்டில் தண்ணீர்.

இதையெல்லாம் அப்படியே நம்பிய மௌரீன், கல்யாண நாள் பரிசாகச் சைக்கிளில் மாட்டும் கருவி ஒன்று வாங்கித் தர அவரைச் சைக்கிள் கடைக்கே இழுத்து வந்துவிட்டார்.

கடைப்பெண் லவினா மூன்றை எடுத்து வைத்தாள். "இது சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு மட்டும் எண்ணும் சார். இது கையில கட்டுறது, இதயத்துடிப்பு காட்டும். இது ஜி.பி.எஸ். எந்த ரோட்ல போனீங்க, எங்க நின்னீங்க, எத்தனை நிமிஷம் நின்னீங்க, எல்லாம் மேப்போட மேடம் ஃபோனுக்கே வந்துடும்."

தியோடர் அந்த மூன்றாவதைச் சட்டென்று ஓரமாகத் தள்ளினார்.

"முதல்ல சொன்னதே போதும்மா!" என்று பாய்ந்தார். சக்கரத்தின் சுற்றை எண்ணுவது என்றால் கவலையே இல்லை. ஓட்டல் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தோசை வரும்வரை கையால் சுற்றிக்கொண்டிருக்கலாம். அட, என்ன மூளை!

"ஐயோ, எனக்கு மேப்தான் வேணும்," என்றார் மௌரீன். "ஹொஸ்கோட்டே போற ஓல்டு மெட்ராஸ் ரோட்ல லாரிங்களுக்கு நடுவுல நீங்க போறப்ப, சர்ச் பூசைல சாமியார் சொல்றது ஒண்ணும் காதுல விழறதில்ல தியோ. ஃபோன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு ஜெபமாலைய உருட்டிட்டே உக்காந்திருக்கேன்."

நான் தோசை தின்ற நேரமெல்லாம் இவள் இப்படியா தவித்தாள்? சே, நானும் ஒரு மனுஷனா என்று தியோடரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மௌரீன்... நான் ஹொஸ்கோட்டே போனதே இல்ல. ஏரிக்கிட்ட உக்காந்து தோசை தின்னுட்டு வந்துடுவேன்."

லவினா எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டாள்.

"அப்ப அந்த ரோட்டுக்கே போகலியா?"

"சத்தியமா ஒரு நாள்கூட இல்ல."

"மாதாவே, நன்றி தாயே!" மௌரீன் சிலுவை போட்டுக்கொண்டு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அடுத்த நொடி அவருடைய கைப்பை தியோடர் முதுகில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

பிறகு முடியைச் சரிசெய்துகொண்டு லவினா பக்கம் திரும்பினார்.

"அந்த மேப் காட்டுறதையே பேக் பண்ணும்மா. வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து இவர் நிஜமாவே போவார், நானும் நிஜமாவே பயப்படணும்."