வட்டியே வாங்காத கடன்

மூணு வருஷமா ஒத்தப் பைசா வட்டி வரல. நர்ஸம்மாவுக்கு வயிறு எரியாம என்ன செய்யும்? லட்ச ரூபா அவளோட சேமிப்பு, பத்திரமும் அவ பேர்லதான். ஆனா வாங்குனது யாரு? புருஷனோட மாமன் மக, அந்த டெய்லரு. அவருக்கு முதல்ல பேசி வெச்சிருந்த பொண்ணே அவதான். இன்னிக்கும் "அத்தான்"னு இழுத்தா பாருங்க, பாகுல முக்கி எடுத்த மாதிரி இருக்கும்.

"என்னங்க, வட்டி?"ன்னு கேட்டா, "அதெல்லாம் ஏறிக்கிட்டு இருக்குடி"ன்னுட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைச் சாவிய எடுத்துக்கிட்டு மனுஷன் நழுவிருவாரு.

ஏறுதாம்ல! பிரியம் ஏறுது, வேறென்னன்னு இவளுக்கு. ஒருநாள் வார்டுல அரைநாள் லீவு போட்டுட்டு நேரா தையக்கடைக்கே போயிட்டா.

"வாங்கக்கா! ஜாக்கெட்டா?"

"வட்டி. சொந்தக்காரின்னா சும்மா விட்டுருவாரா உன்னோட அத்தான்?"

டெய்லரு கத்திரிய பொத்துன்னு வெச்சா. "சும்மாவா? நல்லா கேட்டீங்க போங்க!" மேஜை டிராயர்லேருந்து மூணு தாள எடுத்துப் போட்டா. "மொத வருஷ வட்டி பன்னெண்டாயிரம். கையில தர வேணாம்னு அசல்லயே ஏத்திட்டாரு. மறு வருஷம் ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரத்துக்கு வட்டி போட்டாரு, பதிமூவாயிரத்து நானூத்தி நாப்பது. அதையும் ஏத்தியாச்சு. இப்ப நான் தர வேண்டியது ஒரு லட்சத்து நாப்பதாயிரத்து நானூத்தி தொண்ணூத்தி மூணு. உங்க கையெழுத்துதானே பத்திரத்துல, படிக்கலையா நீங்க?"

எங்க படிச்சா? நைட் டூட்டிக்குக் கெளம்புற அவசரத்துல நீட்டுன எடத்துல போட்டது.

அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சுல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. ஆசை இருக்கறவன் வட்டிக்கு வட்டி போடுவானா? அப்புறம் அந்தத் தாள்களப் பாத்தா. ஒவ்வொண்ணுலயும் புருஷனோட முத்து முத்தான எழுத்து, அடியில ரெண்டு பேரு கையெழுத்தும் பக்கத்துல பக்கத்துல, ஒட்டி உக்காந்த மாதிரி.

"இத எழுத எவ்ளோ நேரம் உக்காருவாரு?"

"வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. ஒரு மணி நேரம் ஆகும். பழைய கதையெல்லாம் பேசுவோம்ல."

ஒரு மணி நேரமா! வீட்டுல பால் கணக்கப் பாக்க அஞ்சு நிமிஷம் உக்காராத மனுஷன்!

"இன்னும் எத்தன வருஷம்?"

"ரெண்டு, அக்கா."

"வேணாம். அசல இன்னிக்கே குடு. வட்டி மொத்தமும் தள்ளுபடி."

டெய்லரு கண்ணு கடிகாரமாட்டம் பெருசாச்சு. "எழுதித் தருவீங்களா?" புது மிஷினுக்குன்னு பேங்க்ல சேத்து வெச்சிருந்தத அப்பவே எடுத்துக் குடுத்துட்டா. இவளும் எழுதிக் குடுத்துட்டா.

சாயங்காலம் புருஷன் தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. "அடிப்பாவி! கைக்கு வந்தா கரைஞ்சுரும்னுதானே ஏத்தி விட்டேன்? அஞ்சு வருஷத்துல ஒண்ணே முக்கா லட்சம் ஆயிருக்கும். மக காலேஜுக்கு வெச்சிருந்தேன்டி!"

"ஓவர்டைம் பாத்து நான் கட்டிக்கிறேன். கணக்கு முடிஞ்சுச்சுல்ல? அது போதும்"னா. போன நாப்பதாயிரம் உறுத்துனாலும் அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்குனா.

அடுத்த ஞாயித்துக்கிழம வாசல்ல செருப்பு சத்தம். டெய்லரு!

"இத்தன வருஷம் கடன்காரியா இந்தப் படியேற வெக்கமா இருந்துச்சுக்கா. நீங்க தெய்வம்! இனிமே வாராவாரம் வருவேன்." கழுத்துல தொங்குன டேப்ப உருவுனா. "அத்தான், கையத் தூக்குங்க. ஒரு சட்டை தைச்சுத் தரேன், காசு வேணாம்."

அவரும் பச்சப்புள்ள மாதிரி ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறாரு.

நர்ஸம்மா கரண்டிய அடுப்படியில போட்டுட்டு ஓடியாந்து டேப்ப வெடுக்குன்னு புடுங்குனா.

"அளவ நான் எடுக்குறேன். நீ தள்ளி உக்காந்து எழுதிக்கோ."