மூன்று நொடி வித்தியாசம்

அட்டவணையின் கடைசி வரிசைக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அடுத்த இதழுக்குப் போக வேண்டிய பக்கம் அது. மூன்று பைக்குகளை ஒரே நாளில், ஒரே பயிற்சித் தடத்தில் ஓட்டிப் பார்த்து நான் எழுதிய ஒப்பீடு. சிவப்பும் கறுப்பும் அசல் ரேஸ் ரகம். தாழ்ந்த கைப்பிடி, பின்னால் தள்ளி வைத்த கால்மிதி. டேங்க்கின் மேல் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். சாம்பல் நிறத்தது எல்லாவற்றுக்குமாகச் செய்தது. பக்கத்தில் பெட்டி மாட்டலாம், நிமிர்ந்து உட்காரலாம், பின்னால் ஒருவரை அலுங்காமல் கூட்டிப் போகலாம், ஆசைப்பட்டால் விரட்டவும் செய்யலாம். ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம்: சிவப்பு 74.6 நொடி. கறுப்பு 74.2. சாம்பல் 73.1. துணிமணிப் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற வண்டி இரண்டு ரேஸ் வண்டிகளையும் முந்தியிருக்கிறது. மூன்றையும் ஓட்டியவன் நான். எனக்கே இது தெரியாது.

நேரம் குறித்தவன் சின்னவன், என் மனைவியின் தம்பி. ஐந்து வருடம் முன்பு நான்தான் ஆசிரியரிடம் சொல்லி அவனைப் பத்திரிகையில் சேர்த்துவிட்டேன். வண்டியைத் தயார் செய்வது, டயரில் காற்றளவு பார்ப்பது, ஸ்டாப்வாட்ச், அட்டவணை எல்லாம் அவன் பொறுப்பு. ஓட்டுவதும் எழுதுவதும் என் வேலை. தடத்தில் நான் நேரம் கேட்பதில்லை. எண்ணைத் தெரிந்துகொண்டால் எழுத்து அதன் பின்னாலேயே போய்விடும் என்று ஒரு கொள்கை. பதினெட்டு வருடமாக அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வண்டி என் கைக்கு எப்படி இருந்தது என்று முதலில் எழுதிக் கொடுப்பேன், அவன் எண்களை நிரப்புவான். கறுப்புதான் மூன்றிலும் வேகம் என்று இந்த முறையும் எழுதியிருந்தேன்.

அலமாரியிலிருந்து பழைய இதழை எடுத்தேன். நான்கு மாதம் முன்பு இதே கறுப்பைத் தனியாக ஓட்டி எழுதியிருக்கிறேன். அதே தடம். 71.4 நொடி. ஓட்டியவர் என்ற கட்டத்துக்குள் என் பெயர்.

"டேய், இந்த நேரமெல்லாம் சரியா?"

"சரிதான் மாமா. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"கறுப்பு அன்னைக்கு எழுபத்தொண்ணுல போச்சு."

"அன்னைக்கு டயர் வேற, வெயில் வேற." கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டயரும் வெயிலும் மூன்று நொடியைத் தின்னாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது. சாம்பல் வண்டிக் கம்பெனியின் விளம்பர அதிகாரி அவனுக்கு வாரத்தில் மூன்று முறை போன் செய்கிறார். போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறான். அவர்கள் அடுத்த மாதம் மலைப் பக்கம் ஒரு வாரப் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள், பத்திரிகைக்கு ஒருவர் என்று அழைப்பு வந்திருப்பதை அச்சுக்கூடத்து ஆள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். டயரில் காற்றை நான்கு புள்ளி ஏற்றி வைத்தாலே போதும், ரேஸ் வண்டி வளைவில் தவித்துப்போகும். ஓட்டுகிறவன் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வான். வீட்டிலும் ஒரு நாள் நான் செருப்பைக் கழற்றும்போது மனைவி போனில், "அவர்கிட்ட இப்ப சொல்லாத, நான் பார்த்துக்கறேன்" என்றாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன். "தம்பிதான்" என்றாள். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொருத்தமாக ஏதாவது சொல்லிவிடுவாள் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அம்மாவின் அறைக்குப் போனேன். அவர் வண்டி ஓட்டத் தெரியாதவர். ஆனால் ஒரு பத்தியில் எங்கே பூசி மெழுகியிருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவார். இரண்டு பக்கங்களையும் அவர் முன்னால் வைத்தேன்.

"கம்பெனிக்காரங்க பேச்சைக் கேட்டு எண்ணை மாத்திட்டான்னு நினைக்கறேன் மேடம்."

"நினைக்கறீங்களா, தெரியுமா?"

"திங்கக்கிழமை ஆதாரத்தோட வர்றேன்."

"உங்க மச்சான்தானே அவர்?"

"அதனாலதான் சொல்றேன்" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பி என் இடத்துக்கு வந்தபோது சின்னவன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி மூடி வைத்திருந்தான். குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை தடத்தில் வேறு யாருக்கும் முறை இல்லை. கறுப்பையும் சாம்பலையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். காற்றளவை நானே பார்த்தேன். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருந்தபடி கச்சிதமாக இருந்தது. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடிகாரத்தைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு கறுப்பில் ஏறினேன். உடம்பை மடித்து, முகவாய் டேங்க்கைத் தொட, மணிக்கட்டில் பாரம் இறங்க, கண்ணாடிக்குக் கீழே ரோடு நாடா மாதிரி உள்ளே ஓடி வந்தது. பறக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஐந்து சுற்று. நல்ல சுற்று 74.5. சாம்பலில் ஏறினேன். முதுகு நிமிர்ந்தது, முழங்கை தளர்ந்தது, வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேலிவரை தெரிந்தது. அவசரமே இல்லாமல் ஐந்து சுற்று. 73.0.

கையுறையைக் கழற்றிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்து நின்றேன். தடத்தில் கொடி காட்டுகிற பெரியவர் துடைப்பத்தோடு வந்தார். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவர் கொடிக்காரர்.

"சார், கறுப்புல மூணாம் பலகையிலயே பிரேக்கைப் பிடிச்சிடறீங்க" என்றார்.

பெரிய வளைவுக்கு முன்னால் 3, 2, 1 என்று மூன்று பலகைகள் உண்டு. ரேஸ் வண்டியில் ஒன்றாம் பலகைவரை விடலாம். நானும் அங்கேதான் பிடிக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"இதுல?"

"இதுல ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல. சரியா வர்றீங்க. அதுல ஏறினா மட்டும்தான்." சற்று நிறுத்தி, "விழுந்து எழுந்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் சார்" என்றார். பதினாலு மாதம் முன்பு அதே வளைவில், ஒரு ரேஸ் வண்டியில், தோள்பட்டை எலும்பு உடைந்து கிடந்தபோது முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

"நாலு மாசம் முன்னாடி இதையே எழுபத்தொண்ணுல ஓட்டினேனே?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறேனா என்று யோசித்திருக்க வேண்டும். "அன்னைக்கு நீங்க கிளம்பிப் போனப்புறம் உங்க மச்சான் ஓட்டினாரே. அதைச் சொல்றீங்களா?"

சின்னவன் வீட்டுக்குச் சாம்பல் வண்டியிலேயே போனேன். வாசலில் குழந்தையின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்று, கிரீஸ் கையைப் பழந்துணியில் வெகு நேரம் துடைத்தான்.

"எத்தனை தடவைடா?"

"நீங்க விழுந்து வந்தப்புறம், ரேஸ் வண்டி எல்லாமே. ஆறு."

"ஆறு இதழ்."

"உங்க நேரத்தைப் போட்டா வண்டி மேல பழி வரும் மாமா. உங்க மேல போட எனக்கு மனசு வரலை."

"இந்தத் தடவை மட்டும் வந்துச்சா?"

"மூணு வண்டியையும் ஒரே ஆள் ஓட்டினாதான் ஒப்பீடு. ரெண்டை நானும் ஒண்ணை நீங்களும் ஓட்டி எப்படிப் போடறது? மூணையும் நானே ஓட்டியிருக்கலாம். போதும்னு தோணுச்சு."

கம்பெனிக்காரர் போன் எதற்கு என்று கேட்டேன். நெடுந்தூரப் பயணங்களுக்குப் பத்திரிகையில் தனிப் பகுதி தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறானாம், மலைப் பயணத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறானாம், ஆசிரியர் சம்மதித்த பிறகு சொல்லலாம் என்று அக்காவும் சொன்னாளாம். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. பொருந்தியதுதான் உறுத்தியது. நான் பெட்டி கட்டின வண்டிக்கு மாறினால் ரேஸ் வண்டிகளை யார் ஓட்டுவது? 71.4 ஓட்டுகிறவன்தானே. அவன் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் எதுவும் தெரியவில்லை. தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது என்று இந்த ஒரு வாரமாகப் பழகியிருந்தேன்.

"அக்காவுக்கு அந்த ஆறும் தெரியுமா?"

"தெரியாது" என்றான். கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னான்.

"ஆசிரியர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும். வெள்ளிக்கிழமையே கூப்பிட்டுக் கேட்டாங்க." குனிந்து சைக்கிளின் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். செயின் சரியாகத்தான் ஏறியிருந்தது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவி, "தம்பியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆசிரியர் அம்மாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டு ஏறும்போது ஒரு முடிவோடுதான் ஏறினேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வது, அத்தோடு விட்டுவிடுவது. உள்ளதைச் சொன்னால் லஞ்சப் பழியிலிருந்து அவன் தப்புவான். பொய் அட்டவணை போட்டவன் என்று அதே நிமிடத்தில் மாட்டிக்கொள்வான்.

"நான் சொன்னது தப்பு மேடம். இந்த எண்கள் சரியானதுதான். நானே மறுபடி ஓட்டிப் பார்த்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சனி ஞாயிறுல குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சிட்டீங்களா?"

அவர் பழைய இதழைப் பிரித்துப் புதிய பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவால் 74.2க்கு ஒரு வட்டம், 71.4க்கு ஒரு வட்டம்.

"இது சரின்னா அது எப்படிச் சரி? எனக்கு வண்டி தெரியாது. மூணு நொடி போகுது, அது தெரியுது."

சின்னவன் வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். "அதை ஓட்டினது நான் இல்லை. என்னால இப்போ அப்படி ஓட்ட முடியாது. கறுப்புல ஏறினா எனக்குப் பயமா இருக்கு."

என் குரல் என்று நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணமாக வந்தது.

"அப்போ ஓட்டினது யாரு?"

ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில், வண்டிகளை அந்தந்தக் கம்பெனிக்குத் திருப்பி எடுத்துப் போக லாரி வந்து நின்றிருந்தது. சிவப்பும் கறுப்பும் ஏற்கெனவே மேலே ஏறிக் கயிறு கட்டப்பட்டுவிட்டன. லாரிக்காரர் சாம்பலைப் பலகைமேல் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி ஏறியது, நின்றது, கனம் தாங்காமல் ஒரு சாண் பின்னால் வந்தது. தோளைக் கொடுத்து அதை அங்கேயே நிறுத்திவிட்டு, ஏற்றவும் இறக்கவும் முடியாமல், யாராவது வருகிறார்களா என்று முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.