ஜில்லென்ற சுவர்

மங்கம்மாளின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, கல்பனாவுக்குத் தோட்டத்துப் பக்கம் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டது. முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். வாசலில் துக்கத்துக்கு வந்து நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

சாமை உலர்த்தும் அறையின் கதவருகே ரஞ்சிதம் நின்றிருந்தாள். அவள் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது.

"தொறக்காதக்கா!"

"இன்னாடி இப்புடிக் கத்தற? ஒரு பார்வ பாத்துட்டு மூடிடறேன். உள்ள கெடக்கறதுல என் சாமையும்தான் இருக்குது."

"பாக்க வேணாம். வேள வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு அண்ணி சொல்லியிருக்காங்க."

"சொன்னவளே..." என்று ஆரம்பித்த ரஞ்சிதம் நிறுத்திக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. கல்பனா அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாக விலக்கிக் கீழே விட்டாள்.

மங்கம்மாள் கல்பனாவின் புருஷன் சின்னராஜுக்கு அக்கா. தாலியறுத்த கையோடு மகன் இளவரசனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் என்னவெல்லாம் நடக்குமோ, ஒன்று குறையாமல் அந்த வீட்டில் நடந்தது. இருந்தும், மலைச் சாமையை மூட்டையோடு கீழே திருப்பத்தூர் வியாபாரிக்குத் தள்ளிவிடாமல், ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உமி நீக்கி அரிசியாகவே விற்கலாம் என்று ஊர்ப் பெண்களைத் திரட்டியபோது இரண்டு பேரும் ஒரே குரலில்தான் பேசினார்கள்.

காயவைப்பதில்தான் வந்தது வினை. கார்த்திகை மாதத்தில் மலைமேல் வெயிலை நம்பினால் அவித்த சாமை புளித்துவிடும். அறை கட்டி, வெளியே அடுப்பு வைத்து, புகைக் குழாயைத் தரைக்கு அடியில் ஓட்டினார்கள். அந்த அடுப்பு யானைப் பசியோடு விறகு தின்றது. வெட்டிக் கட்டித் தலையில் சுமந்து வருவது பெண்கள்தான். ஒவ்வொரு வருஷமும் காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருந்தது.

திருப்பத்தூரிலிருந்து பிரியதர்ஷினி என்ற இன்ஜினியர் பெண் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், "நீங்க சாமையைக் காயவைக்கலீங்க, மலையைக் காயவைச்சிட்டிருக்கீங்க. பாதிச் சூடு சுவர் வழியா போயிடுது" என்று சொன்னாள். மங்கம்மாளுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் உமிச்சாம்பலை இடித்து நிரப்பினார்கள். தரையில் சூட்டைப் பிடித்து வைக்கக் கருங்கல் பரப்பினார்கள். ஈரக்காற்று மட்டும் போவதற்கு மேலே ஒரு சின்னத் தகர மூடி. கோடை முழுக்க மங்கம்மாள் சாம்பல் பூசிய முகத்தோடுதான் அலைந்தாள். அதைப் பார்த்து ஊரே சிரித்தது. கல்பனாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

"பாதி வெறகுல காயலன்னா, வியாபாரி வண்டில நானே மூட்டை ஏத்தி வுடறேன். அப்புறம் இந்தக் கதவ இழுத்துப் பூட்டிடலாம்" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மங்கம்மாள் சொல்லிவிட்டாள். அப்படி வாய்விட்டபின் போட்ட முதல் ஈடு இப்போது உள்ளே இருந்தது. ஊரில் பாதி வீட்டுச் சாமை.

அந்த அறை கட்டிய நாளிலிருந்து மங்கம்மாளுக்குத் திறந்த கதவைக் கண்டால் ஆகாது. நேற்று மாலைகூட, உள்ளே மறந்து வைத்த செல்போனை எடுக்கக் கல்பனா கதவைத் திறந்துவிட்டாள். "மூடுடி! சூடு இன்னா உங்கப்பன் வூட்டுச் சொத்தா, வாரி எறைக்கறதுக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள் மங்கம்மாள். கல்பனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ராத்திரி அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டாள். விடிவதற்குமுன் இரண்டாவது முறை விறகு வைக்கப் போன மங்கம்மாள் அடுப்பு வாயருகே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் மலையேறி வந்தபோது நாடி பார்க்கத்தான் வேலை இருந்தது. வைக்கப் போன விறகு அப்படியே கிடந்தது.

ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தபடி நியாயத்தைச் சொன்னார். "பொணம் கெடக்கற வரைக்கும் ஊர்ல எந்த வூட்லயும் அடுப்பு எரியக் கூடாது. பையன் பெங்களூர்லருந்து வரணும். சாயந்தரம் எடுக்கலாம்."

"மாமா, உலர்த்தற அடுப்பு வூட்டு அடுப்பு இல்லியே" என்றாள் கல்பனா.

"அடுப்புன்னா அடுப்புதான்மா. அவ எனக்கும் தங்கச்சி மொற. சாவு வூட்டு வாசல்ல பொகை வந்தா நாலு பேர் இன்னா பேசுவாங்க?" அவர் குரலில் கோபம் இல்லை.

கல்பனா கிணற்று மேட்டில் ஏறி நின்று, சிக்னல் கிடைத்ததும் பிரியதர்ஷினியைக் கூப்பிட்டாள். முதலில் சாவைச் சொன்னாள்.

"ரெண்டாவது தடவ நெருப்பு வைக்கலன்னா காயுமா மேடம்?"

"தெரியலைங்கக்கா. அப்படி நாம சோதிச்சுப் பார்த்ததே இல்ல. கல்லுல சூடு இருக்கும். எவ்வளவு நேரம் நிக்கும்னு நான் பொய் சொல்ல முடியாது. கதவை மட்டும் திறக்காதீங்க. ஒரு தடவ திறந்தாலும் போச்சு."

கல்பனா கீழே இறங்கி வந்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கதவருகே ரஞ்சிதத்தோடு இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ரஞ்சிதம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாருடி. ஜில்லுனு கெடக்குது. செவுரே இப்புடின்னா உள்ள இன்னா சூடு இருக்கப்போவுது? எடுத்து வூட்டு வூட்டுக்கு ஒலத்திக்கலாம். வுட்டா புளிச்சிப்பூடும், மாடுகூட தின்னாது."

கல்பனாவும் தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது. காலையில் தொட்ட மங்கம்மாளின் கால்களும் இப்படித்தான் இருந்தன. பழைய சுவராக இருந்தால் கையை வைக்க முடியாது, கொதிக்கும். உமிச்சாம்பல் அடைத்த பிறகு ஒருநாள் மங்கம்மாள் இவள் கையைப் பிடித்து இழுத்துவந்து இதே இடத்தில் வைத்தாள். 'வெளிய ஜில்லுனு இருந்தாதான்டி உள்ள சூடு இருக்குதுன்னு அர்த்தம். வெளிய சுட்டா, தப்பிச்சிப் போவுதுன்னு அர்த்தம்' என்றாள். அன்றைக்குப் பாதிக் காதில்தான் கேட்டாள்.

"உள்ள இருக்குது" என்றாள் கல்பனா.

"நீ கண்டியா?"

"காணல. இருக்குது."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு இது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. காவலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் உள்ளே போய்ப் பிணத்தின்மேல் விழுந்து அழுதார்கள். கட்டிக்கொண்டு அழ வீட்டு மருமகளைத் தேடினார்கள். தோட்டத்தில் இருக்கிறாள் என்றதும் அங்கே வந்து, மழையில் குந்தி அவளைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதார்கள். "நாத்தனா செத்துக் கெடக்கறா, இவ சாமைக்குக் காவல் குந்தியிருக்கறாளே" என்று ஒருத்தி எழுந்து போகும்போது சொன்னது கல்பனாவின் காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தாள். அழுகை வந்தபோது அழுதாள். எழுந்து மட்டும் போகவில்லை.

மதியத்துக்குமேல் சின்னராஜ் வந்தான். அழுது அழுது அவன் குரல் கட்டிப்போயிருந்தது.

"எழுந்து வா கல்பனா. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. அக்காவே போய்ட்டா. சாமை போனா போவுது, வுடு."

"அண்ணி போறதத் தடுக்க என்னால முடியல. போய்ட்டாங்க" என்றாள் கல்பனா. "இத வுட மாட்டேன். இது புளிச்சிதுன்னா, மங்கம்மா சாம்பல அடைச்சு ஊர ஏமாத்துனாள்னு பேரு நிக்கும். நாளைக்கே எல்லாரும் வியாபாரி வண்டிகிட்ட நிப்பாங்க. அக்கா பேருக்குத்தான் நான் இங்க குந்தியிருக்கறேன். நீ போய் உள்ள இரு."

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டுப் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் இளவரசன் வந்தான். திருப்பத்தூரில் கூட்டாளியின் பைக்கை வாங்கி, நனைந்துகொண்டே ஓட்டி வந்திருந்தான். "அம்மா" என்று அவன் போட்ட சத்தம் தோட்டம்வரை கேட்டது. பறை அடிக்கத் தொடங்கினார்கள். வாய்க்கரிசி போட வரச்சொல்லி ஆள் வந்தது.

கல்பனா எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். அருகில் ரஞ்சிதம் மட்டும்தான் இருந்தாள்.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் இங்க நில்லு."

ரஞ்சிதம் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானா?"

"நீதான்."

"போ. போய் மொகத்த நல்லாப் பாத்துட்டு வா" என்றாள் ரஞ்சிதம், கதவின்மேல் சாய்ந்துகொண்டு.

மங்கம்மாளைக் குளிப்பாட்டி, புதுப்புடவை சுற்றி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். காலையிலிருந்து வாசல் கதவு விரியத் திறந்தே கிடக்கிறது. ஊர்க் குளிர் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மங்கம்மாள் ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் கல்பனாவுக்கு அவள் போய்விட்டாள் என்பது முழுசாக உறைத்தது. வாய்க்கரிசி போட்டுவிட்டு, காலையில் பாதியில் விட்ட முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

பாடை தெருமுனையைத் தாண்டிப் புளியமரத்துப் பக்கம் திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை முழுகிய ஈரத்தோடு கல்பனா தோட்டத்துக்குப் போனாள். ரஞ்சிதம் சாய்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"தொறக்கல" என்றாள்.

கல்பனா தாழ்ப்பாளை நீக்கினாள். ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவை இழுத்தாள்.

சூடு முகத்தில் வந்து மோதியது. ஈரக் கூந்தலிலிருந்து ஆவி எழுந்தது. அடுக்கியிருந்த தட்டுகளில் நடுத்தட்டில் கையை விட்டு ஒரு சிட்டிகை அள்ளி மோந்தாள். புளிப்பு வாடை இல்லை. வாயில் போட்டுக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. கீழ்த்தட்டும் அப்படியே. மேல்தட்டில் மட்டும் பல்லுக்குக் கொஞ்சம் மெத்தென்றிருந்தது.

"காஞ்சிருச்சி. மேல்தட்ட மட்டும் கீழ மாத்தி வெச்சா போதும், இருக்கற சூட்டுலயே ஒணந்துரும். வெறகு வேணாம்."

அவ்வளவுதான். வெளியே நின்ற பெண்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு கதவை அகலத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஆளாளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்தார்கள். "நல்லா சுடுதுடி" என்று ஒருத்தி வியந்துகொண்டே பாதிக் கதவில் நின்றாள்.

"மூடுங்கடி!" என்றாள் கல்பனா. "சூடு இன்னா உங்கப்பன் வூட்டுச் சொத்தா, வாரி எறைக்கறதுக்கு?"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கல்பனாவும்தான். கடித்த சாமையை மெல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ரஞ்சிதம் எல்லோரையும் வெளியே நகர்த்தி, சத்தம் வராமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குச் சோறு ஆக்க வேண்டும். விறகுக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மங்கம்மாள் விடியற்காலையில் அடுப்பு வாயருகே போட்ட கட்டு அங்கேயே கிடந்தது. கல்பனா குனிந்து அதைத் தூக்க முடியாமல் நின்றபோது, ரஞ்சிதம் வந்து தன் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். வாசலில் மூன்று கல் கூட்டி, பெரிய குண்டானை ஏற்றி உலை வைத்தார்கள். நெருப்பு பிடித்தது. அடக்கத்துக்குப் போன ஆண்கள் தூரத்தில் லாந்தரோடு வருவது தெரிந்தது.

ரஞ்சிதம் இரண்டடி போனவள் திரும்பி வந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூடியை எடுத்துக் குண்டானை மூடினாள்.