ஆளுக்கு ஒரு கிளிப்

எங்கள் சலவைக்கூடத்துக்கு முதலாளி கிடையாது. பழைய முதலாளி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போனார். வேலை பார்த்த ஒன்பது பேரும் பங்கு போட்டு அதை வாங்கினோம். யார் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஓட்டு என்பது துணி மாட்டும் கிளிப். சரி என்றால் நீலக் கூடை, வேண்டாம் என்றால் சிவப்பு.

நேற்று பாய்லர் மண்டையைப் போட்டது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விரிப்புகள் மலையாகக் கிடந்தன. விஷயம் தெரிந்து என் அண்ணன் வந்தான். இரும்புக்கடை வைத்திருப்பவன்.

"புது பாய்லர் நான் எறக்கித் தரேன். எனக்குப் பத்து கிளிப் குடுத்துருங்க."

நாங்கள் ஒன்பது பேர், அவனுக்குப் பத்து. காதில் பூ சுற்றுகிறானாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்க அண்ணன் நல்லவர்தானே? ஒத்துக்கலாமே" என்றார் எங்கள் ஒன்பது பேரில் ஒருவரான வேன் டிரைவர்.

"நல்லவன்தான். பழைய முதலாளியும்தான் நல்லவரு. பூட்டும்போது நம்மள ஒரு வார்த்தை கேட்டாரா?"

ஓட்டுப் போட்டோம். சிவப்பில் ஏழு, நீலத்தில் இரண்டு. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

தோற்றவர்கள்தான் முதலில் வேலையில் இறங்க வேண்டும், அது எங்கள் வழக்கம். நீலத்தில் போட்ட டிரைவர் வீட்டுக்கு ஓடிப்போய் கேஸ் அடுப்பைத் தூக்கி வந்தார். அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்துக் கையாலேயே துவைத்தோம். இடுப்பு ஒடிந்தது. ஆனால் ஒரு விரிப்பைக்கூட அழுக்காக அனுப்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

ஈர விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். என் விரிப்பின் மறுமுனை தரையில் புரண்டது. யாரோ எடுத்தார்கள். நிமிர்ந்தால், அண்ணன். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான்.

கடைசி மூட்டை வேனில் ஏறிய பிறகு சொன்னான்: "பாய்லர் காலைல வரும். தவணையில கட்டுங்க. நானும் பங்கு போட்டு வேலைக்கு வரேன். கடைய என் பையன் பாத்துப்பான். ஒரே ஒரு கிளிப் போதும், தருவியா?"

"நான் எப்படித் தர முடியும்? எல்லாரும் சேர்ந்துதான் தரணும்."

கூடைகளை மறுபடி எடுத்து வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் பார்க்கவில்லை, என் கிளிப்தான் முதலில் நீலத்தில் விழுந்தது.